பத்து வாதைகள்: மோசே மோதியது எகிப்தின் தெய்வங்களோடா, பார்வோனோடா?

ஈஸ்டர் காலம் வந்துவிட்டால் ஜொகூர் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களில் மோசேயின் கதை மறுபடியும் பேசப்படும். கத்தோலிக்க ஆலயங்களில் பாஸ்கா திருவிழிப்பு இரவில் பழைய ஏற்பாட்டிலிருந்து பல வாசகங்கள் வாசிக்கப்படுகின்றன. நேரம் கருதிச் சிலவற்றைக் குறைத்துக்கொள்ளலாம். ஆனால், செங்கடலைக் கடந்த வாசகத்தை மட்டும் விட்டுவிடக் கூடாது என்பது விதி. இஸ்லாமியக் குடும்பங்களில் அதே மனிதர் மூசா நபி, அதே மன்னன் ஃபிர்அவ்ன். இந்துக் குடும்பங்களிலும், 1956-ஆம் ஆண்டு வெளிவந்த 'தி டென் கமாண்ட்மெண்ட்ஸ்' படத்தின் வழியாகக் கடல் பிளக்கும் காட்சியை அறிந்தவர்கள் பலர்.

இந்தக் கதையோடு ஒரு பட்டியலும் சேர்ந்தே பயணம் செய்கிறது. எகிப்தின் மீது கடவுள் அனுப்பிய பத்து வாதைகளில் ஒவ்வொன்றும் ஓர் எகிப்தியத் தெய்வத்தைத் தோற்கடிப்பதற்காகவே வந்தது என்கிறது அந்தப் பட்டியல். நைல் நதி இரத்தமானது, நதித் தெய்வத்தின் தோல்வி. தவளைகள் பெருகியது, தவளைத் தலை தேவியின் தோல்வி. இருள் சூழ்ந்தது, சூரியக் கடவுளின் தோல்வி. பிரசங்கங்களிலும் வேதபாட வகுப்புகளிலும் இணையத்திலும் இது அடிக்கடி வருகிறது.

இந்தப் பட்டியல் எவ்வளவு உறுதியானது? பல சமயத்தார் அடுத்தடுத்த வீடுகளில் வாழும் நம் மாநிலத்தில், இன்னொருவர் தெய்வம் தோற்ற கதையாக இதைச் சொல்வது சரிதானா? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தேடுவது கிறிஸ்தவர்களுக்கு மட்டுமன்றி நம் அனைவருக்கும் பயன்படும்.

கதை தொடங்கும் இடம்

பழைய மொழிபெயர்ப்பில் இந்த நூலின் பெயர் யாத்திராகமம். கத்தோலிக்கர்கள் பயன்படுத்தும் பொது மொழிபெயர்ப்பில் விடுதலைப் பயணம். கதை கோயிலில் தொடங்கவில்லை. செங்கல் களத்தில் தொடங்குகிறது. எகிப்தில் குடியேறிய எபிரேயர்கள் பெருகிவிட்டார்கள் என்று அஞ்சிய மன்னன், அவர்களைக் கட்டாய வேலைக்கு உட்படுத்துகிறான். பிறக்கும் ஆண் குழந்தைகளை நைல் நதியில் எறியும்படி ஆணையிடுகிறான்.

மோசேயும் அவருடைய அண்ணன் ஆரோனும் மன்னனிடம் முதலில் கேட்டது என்ன தெரியுமா? பாலைவனத்துக்குப் போய்த் தங்கள் கடவுளுக்கு விழா எடுத்துப் பலி செலுத்த மூன்று நாள் பயணத்துக்கான அனுமதி. மன்னனின் பதில், அந்தக் கடவுளைத் தனக்குத் தெரியாது என்பது. கூடவே, வேலை செய்ய சோம்பல்பட்டுத்தான் இவர்கள் சாமி கும்பிடப் போக வேண்டும் என்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு. அன்றிலிருந்து செங்கலுக்குச் சேர்க்கும் வைக்கோல் நிறுத்தப்பட்டது. அதை அவர்களே தேடிச் சேர்க்க வேண்டும், ஆனால் அன்றாடச் செங்கல் எண்ணிக்கை குறையக் கூடாது.

அக்கால எகிப்தில் இப்படிப்பட்ட வேலை நடந்ததற்குச் சான்று உண்டு. கி.மு. 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ரெக்மிரே என்ற அமைச்சரின் கல்லறை தீப்ஸ் நகரத்தின் அருகே இருக்கிறது. அதன் சுவர் ஓவியத்தில் வெளிநாட்டுக் கைதிகள் மண் குழைக்கிறார்கள், செங்கல் அறுக்கிறார்கள், சுமக்கிறார்கள். கோலுடன் மேற்பார்வையாளர் ஒருவரும் உட்கார்ந்திருக்கிறார். அந்த ஓவியம் எபிரேயர்களைக் காட்டுவதாகச் சொல்ல முடியாது. ஆனால், கதை சொல்லும் உலகம் கற்பனையில் முளைத்ததல்ல என்பதை அது காட்டுகிறது.

எகிப்தியர் கண்ட உலகம்

எகிப்தியர்கள் தங்கள் நாட்டைக் கறுப்பு மண் என்ற பொருளில் கெமெட் என்று அழைத்தார்கள். ஆண்டுதோறும் நைல் பெருகி, கரிய வண்டலைப் பரப்பிச் செல்லும். அந்த வண்டலில்தான் சோறு. ஒரு பக்கம் பாலைவனம், மறுபக்கமும் பாலைவனம், நடுவே ஒரு பச்சைக் கோடு. நதி ஓராண்டு பொய்த்தால் பஞ்சம். அதனால் உலகம் ஒழுங்காக ஓடுவதே அவர்களுக்கு மிகப் பெரிய விஷயம். அந்த ஒழுங்கின் பெயர் மாஅத். நீதி, உண்மை, பருவம் தவறாமை எல்லாம் அந்த ஒரு சொல்லில் அடக்கம். மாஅத் ஒரு தேவியும்கூட. அவள் தலையில் ஓர் இறகு சூடியிருப்பாள்.

மாஅத்தைக் காக்கும் பொறுப்பு யாருக்கு? மன்னனுக்கு. அவன் வாழும்போது ஹோரஸ் என்னும் பருந்துத் தெய்வத்தின் உருவம், சூரியக் கடவுள் ராவின் மகன். கோயில்களில் வழிபாடு நடப்பதும் அவன் பெயரில்தான். மன்னன் சரியாக இருந்தால் நதி பெருகும், விளைச்சல் வரும், பகை அடங்கும் என்பது நம்பிக்கை. பார்வோன் என்ற சொல்லின் எகிப்திய மூலத்துக்குப் பெரிய வீடு என்று பொருள். அரண்மனையின் பெயர் பின்னாளில் அரசனின் பெயரானது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு வாதைகளைப் பார்த்தால், அவை தற்செயலாக அடுக்கப்பட்ட தொல்லைகளாகத் தெரியாது. நதி, மண், கால்நடை, உடல், வானம், பயிர், சூரியன், வாரிசு என மன்னன் காப்பதாகச் சொன்ன ஒவ்வொன்றும் ஒன்றன்பின் ஒன்றாகக் குலைகிறது.

கோலும் பாம்பும்

வாதைகளுக்கு முன்னால் ஓர் ஒத்திகை நடக்கிறது. ஆரோன் கோலைக் கீழே போட, அது பாம்பாகிறது. மன்னனின் மந்திரவாதிகளும் அவ்வாறே செய்கிறார்கள். ஆனால், ஆரோனின் கோல் அவர்களின் கோல்களை விழுங்குகிறது. எகிப்திய மன்னனின் கிரீடத்தில் நெற்றிக்கு நேராகப் படமெடுத்து நிற்கும் நாகத்தைப் படங்களில் பார்த்திருப்போம். அது வாஜெட் என்ற காவல் தேவியின் சின்னம். அந்த அரசவையில் ஒரு பாம்பு மற்றப் பாம்புகளை விழுங்கியது என்றால், அதன் பொருள் அங்கிருந்தோருக்குச் சொல்லாமலே விளங்கும்.

எபிரேய மூலத்தில் இன்னொரு நுட்பமும் உண்டு. மோசே தனியாக மலையருகே இருந்தபோது கோல் பாம்பானதைச் சொல்ல ஒரு சொல்லும், அரசவையில் நடந்ததைச் சொல்ல வேறு சொல்லும் வருகின்றன. இரண்டாவது சொல்லுக்குப் பெரும் நீர்விலங்கு, முதலை போன்ற பொருள்களும் உண்டு. பின்னாளில் எசேக்கியேல் இறைவாக்கினர், நைலின் நடுவே படுத்திருக்கும் பெரும் விலங்கு என்று பார்வோனை வருணிக்கும்போது இதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்.

மந்திரவாதிகள் பற்றிய கதைகள் எகிப்தியர்களிடமும் இருந்தன. பெர்லினில் பாதுகாக்கப்படும் வெஸ்ட்கார் பாப்பிரஸ் என்னும் பழஞ்சுவடியில், மெழுகால் செய்த முதலை உயிர்பெற்று ஒருவனைப் பிடிக்கும் கதை இருக்கிறது. அரண்மனைப் பெண் ஒருத்தியின் அணிகலன் ஏரியில் விழுந்துவிட, மந்திர வல்ல குரு ஒருவர் ஏரியின் பாதித் தண்ணீரை எடுத்து மறு பாதியின் மேல் மடித்து வைத்து, அடியில் கிடந்த நகையை எடுத்துக் கொடுத்த கதையும் அதில் உண்டு. ஆக, கோல் பாம்பாவதும் நீர் இரண்டாவதும் எகிப்தியரின் சொந்த மேடை. விவிலியக் கதை அந்த மேடையிலேயே ஏறி அவர்களோடு போட்டியிடுகிறது. முதல் இரண்டு வாதைகளை மந்திரவாதிகளும் செய்து காட்டுகிறார்கள். ஆனால், அவர்களால் தொல்லையைக் கூட்ட முடிந்ததே தவிர நீக்க முடியவில்லை. மூன்றாவதில் கையை விரித்துவிடுகிறார்கள். ஆறாவது வாதையில் அவர்கள் உடம்பிலேயே கொப்புளம்.

பட்டியலை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்

முதல் வாதை, நைல் நதி இரத்தமாவது. நைலின் பெருக்கைத் தெய்வமாக்கிய உருவம் ஹாபி. தொப்பையும் மார்பும் கொண்ட செழிப்பின் வடிவம். நதி நாறி மீன்கள் செத்தது ஹாபிக்கு நேரடி அடி என்று சொல்லலாம். ஆனால், இங்கே இன்னொரு கணக்கும் இருக்கிறது. அந்த நதியில்தான் எபிரேயக் குழந்தைகள் எறியப்பட்டார்கள். நதி இரத்தமானபோது, மறைத்து வைத்த குற்றம் மேலே வந்துவிட்டது.

இரண்டாவது தவளைகள். தவளைத் தலையோடு காட்டப்படும் ஹெகெட், பிரசவத்துக்குத் துணைநிற்கும் தேவி. தவளை வடிவத் தாயத்துகளைப் பெண்கள் அணிந்தார்கள். எகிப்திய எழுத்தில் தவளைக் குஞ்சின் படம் ஒரு லட்சம் என்ற எண்ணைக் குறிக்கும். வளத்தின் அடையாளமே படுக்கையிலும் மாவு பிசையும் தொட்டியிலும் ஏறித் தொல்லையாகிறது.

மூன்றாவதைத் தமிழில் சில மொழிபெயர்ப்புகள் பேன் என்கின்றன, வேறு சில கொசு என்கின்றன. நிலத்தின் புழுதியிலிருந்து அவை வந்ததால், மண்ணின் தெய்வமான கெப்பை இதனோடு சேர்க்கிறார்கள். நான்காவது வாதைக்கு எபிரேயத்தில் உள்ள சொல்லுக்குக் கலவைக் கூட்டம் என்றுதான் பொருள். என்ன பூச்சி என்று அது சொல்வதில்லை. பழைய தமிழ் விவிலியம் அதை வண்டு என்று பெயர்த்தது. மற்றவை ஈ என்கின்றன. சாணியை உருண்டையாக்கி உருட்டிச் செல்லும் வண்டு எகிப்தில் கெப்ரி என்ற உதயசூரியனின் வடிவம் என்பதால், வண்டு என்று வாசிப்பவர்கள் கெப்ரியை நினைக்கிறார்கள். ஈ என்று வாசித்தால் அந்தப் பொருத்தம் போய்விடும்.

ஐந்தாவது, கால்நடைகளின் சாவு. மெம்பிஸ் நகரில் ஆபிஸ் என்ற காளை வழிபடப்பட்டது. ஒரு சமயத்தில் ஒன்றே ஒன்று. அது இறந்தால் மன்னருக்குப் போலப் பாடம் செய்து அடக்கம் செய்வார்கள். அந்தக் காளைகளின் மாபெரும் கற்பெட்டிகள் இருந்த சுரங்கக் கல்லறையை சக்காராவில் 1851-இல் பிரெஞ்சு ஆய்வாளர் ஒகுஸ்ட் மரியெட் திறந்தார். பசுவடிவ தேவி ஹாத்தோரும் நாடெங்கும் போற்றப்பட்டவள். ஆறாவது, கொப்புளம். கொள்ளைநோயை அனுப்புபவளும் நீக்குபவளும் சிங்கத் தலை கொண்ட செக்மெட். அவளுடைய பூசாரிகள் வைத்தியமும் பார்த்தார்கள்.

ஏழாவது கல்மழை. வானமாக வளைந்து நிற்பவள் நூட் தேவி. ஆளியும் வாற்கோதுமையும் அழிந்தன, கோதுமை பின்பயிர் ஆகையால் தப்பியது என்று விவிலியம் ஒரு விவசாயியைப் போலக் குறிப்பெழுதுகிறது. எட்டாவது வெட்டுக்கிளிகள். மிஞ்சிய பயிரையும் அவை தின்றன. அறுவடையைக் காக்கும் ரெனெனுடெட் என்ற நாக தேவியை இங்கே சொல்வார்கள். ஒன்பதாவது, மூன்று நாள் இருள். இதற்கு விளக்கமே வேண்டாம். ரா இரவில் பாதாளத்தைக் கடந்து, அபெப் என்ற பெரும்பாம்பை வென்று, காலையில் எழுந்து வருவார் என்பது எகிப்தியரின் அன்றாட நம்பிக்கை. மூன்று நாள் அவர் எழவில்லை என்றால் மாஅத்தே தோற்றதாகும். பத்தாவது, தலைச்சன் பிள்ளைகளின் மரணம். தெய்வ மகன் எனப்பட்ட மன்னனின் வாரிசும் அதில் போகிறான்.

பட்டியல் எங்கே தள்ளாடுகிறது?

எகிப்தின் எல்லாத் தெய்வங்கள் மேலும் தீர்ப்புச் செய்வேன் என்று கடவுள் சொல்வதாக யாத்திராகமம் 12-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. எண்ணாகமம் 33-ஆம் அதிகாரமும் அதையே திரும்பக் கூறுகிறது. எனவே, வாதைகளைத் தெய்வங்களோடு இணைப்பதற்கு அடிப்படை உண்டு. ஆனால், ஹாபி, ஹெகெட், ரா என்று வாதைக் கதையில் ஓர் எகிப்தியத் தெய்வத்தின் பெயரும் வரவில்லை. ஒன்றுக்கு ஒன்று என்று பொருத்தியவர்கள் பின்னால் வந்த உரையாசிரியர்கள். 1971-இல் ஜான் டேவிஸ் வெளியிட்ட 'மோசஸ் அண்டு த காட்ஸ் ஆஃப் ஈஜிப்ட்' போன்ற நூல்கள் இந்த வாசிப்பை ஆங்கிலம் படிப்போரிடையே பரப்பின.

நதி, காளை, சூரியன் ஆகியவற்றுக்குப் பொருத்தம் உறுதியானது. பேனுக்கும் வெட்டுக்கிளிக்கும் இழுத்துப் பிடித்துத்தான் பொருத்த வேண்டியிருக்கிறது. எகிப்தில் தெய்வங்கள் நூற்றுக்கணக்கில் இருந்ததால், எதைத் தொட்டாலும் ஒரு தெய்வம் கிடைக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. விவிலியத்தின் உள்ளேயே 78-ஆம் சங்கீதமும் 105-ஆம் சங்கீதமும் வாதைகளை வேறு வரிசையில், வேறு எண்ணிக்கையில் சொல்கின்றன. பத்துக்குப் பத்து என்ற சட்டம் அவர்களுக்கே முக்கியமாக இருக்கவில்லை.

இயற்கை விளக்கமும் உண்டு. கிரெட்டா ஹோர்ட் என்ற அறிஞர் 1957-இலும் 1958-இலும் எழுதிய கட்டுரைகளில், நைலின் அளவுமீறிய வெள்ளம் செம்மண்ணையும் நுண்ணுயிர்களையும் கொண்டுவந்து நீரைச் சிவப்பாக்கியிருக்கலாம், மீன்கள் சாக, தவளைகள் கரையேற, பூச்சியும் நோயும் தொடர்ந்திருக்கலாம் என்று சங்கிலியாக விளக்கினார். ஆனால், தலைச்சன் பிள்ளையை மட்டும் தேர்ந்தெடுக்கும் சாவை எந்தச் சங்கிலியாலும் விளக்க முடியாது.

வரலாற்றுச் சான்றைப் பொறுத்தவரை, எகிப்திய ஆவணம் எதிலும் இந்த வாதைகளோ வெளியேற்றமோ பதிவாகவில்லை. இஸ்ரேல் என்ற பெயர் முதன்முதலில் வருவது மெர்னெப்டா மன்னனின் வெற்றிக் கல்வெட்டில். காலம் ஏறத்தாழ கி.மு. 1208. ஃபிளிண்டர்ஸ் பெட்ரி அதை 1896-இல் தீப்ஸில் கண்டெடுத்தார். அதில் இஸ்ரேல் கானான் பகுதி மக்களாகக் குறிக்கப்படுகிறது. விவிலிய நூல் இன்றைய வடிவத்தை அடைந்தது அதற்குப் பல நூற்றாண்டுகள் கழித்து என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. நம்பிக்கையாளர் இதை நடந்த நிகழ்வாக ஏற்கிறார். ஆய்வாளர் ஒரு மக்களின் நினைவாகப் பார்க்கிறார். கதை என்ன சொல்ல வருகிறது என்ற கேள்வி இருவருக்கும் பொதுவானது.

கனத்த இதயம்

அதற்கான திறவுகோல் ஒரு சொல்லில் கிடைக்கிறது. பார்வோனின் இதயம் கடினப்பட்டது என்று தமிழில் வாசிக்கிறோம். எபிரேயத்தில் இதற்கு வரும் சொற்களில் ஒன்றின் நேர்ப்பொருள், கனமானது என்பது. எகிப்தியருக்கு இது சாதாரணச் சொல்லாகப் பட்டிருக்காது. இறந்தவனின் இதயத்தைத் தராசின் ஒரு தட்டிலும் மாஅத்தின் இறகை மறு தட்டிலும் வைத்து நிறுப்பார்கள் என்பது அவர்கள் மறுமை நம்பிக்கை. இதயம் இறகைவிடக் கனமாக இருந்தால், முதலைத் தலை கொண்ட அம்மிட் அதைத் தின்றுவிடும். அப்புறம் மறுவாழ்வு இல்லை. தன் இதயமே தனக்கு எதிராகப் பேசிவிடக் கூடாது என்று வேண்டும் மந்திரத்தை வண்டு வடிவக் கல்லில் பொறித்து, இறந்தவரின் மார்பில் வைப்பார்கள்.

மாஅத்தின் காவலன் என்று சொல்லிக்கொண்ட மன்னனின் இதயம் கனத்துப்போனது என்று கதை சொல்லும்போது, எகிப்தின் தராசிலேயே அவனை நிறுத்திக் காட்டுகிறது. இந்த வாசிப்பை ஏற்கும் அறிஞர்கள் சிலர் உண்டு. ஏற்றுக்கொண்டால் ஒன்று தெளிவாகிறது. கதையின் குறி, எகிப்திய வீட்டுப் பெண் கழுத்தில் தொங்கிய தவளைத் தாயத்து அல்ல. நீதியின் பெயரால் அரியணையில் உட்கார்ந்து அநீதி செய்தவன்தான் குறி.

கதையும் எல்லா எகிப்தியரையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. குழந்தை மோசேயைத் தண்ணீரிலிருந்து எடுத்து வளர்த்தவள் பார்வோனின் மகள். கல்மழை எச்சரிக்கையைக் கேட்டு மன்னனின் பணியாளர்கள் சிலர் கால்நடைகளை உள்ளே ஓட்டிச் சென்றார்கள். வெளியேறியபோது பலவகை மக்களும் கூடச் சென்றார்கள். எகிப்தியனை வெறுக்காதே, அவன் நாட்டில் நீ அந்நியனாக இருந்தாய் என்ற கருத்தில் ஒரு கட்டளை உபாகமத்திலேயே இருக்கிறது.

அதே சமயம், பத்தாவது வாதையில் மாவு அரைக்கும் அடிமைப் பெண்ணின் பிள்ளையும் சிறையில் கிடந்தவனின் பிள்ளையும் செத்தார்கள் என்று விவிலியமே எழுதி வைத்திருக்கிறது. இதை எளிதாகக் கடந்துபோக முடியாது. யூதர்கள் பாஸ்கா விருந்தில் பத்து வாதைகளின் பெயரைச் சொல்லும்போது, ஒவ்வொன்றுக்கும் கிண்ணத்திலிருந்து ஒரு துளித் திராட்சை ரசத்தை எடுத்துவிடுகிறார்கள். மற்றவர்கள் துன்பப்பட்டதால் நம் மகிழ்ச்சிக் கிண்ணம் நிறைவாக இருக்கக் கூடாது என்பது அதற்குச் சொல்லப்படும் ஒரு விளக்கம். கடலில் எகிப்தியர் மூழ்கியபோது பாட முனைந்த வானதூதர்களைக் கடவுள் தடுத்தார் என்ற கதையும் தல்மூதில் உண்டு. வென்றவர்களின் சந்ததியே இந்தக் கதையை இப்படி அடக்கமாகச் சொல்லப் பழகியிருக்கிறது.

எல்லாரும் அப்படி அடக்கமாகச் சொன்னார்கள் என்பதல்ல. கத்தோலிக்க விவிலியத்தில் இடம்பெறும் சாலமோனின் ஞானம் என்ற நூல், எந்த உயிரினத்தை வணங்கினார்களோ அதனாலேயே எகிப்தியர் தண்டிக்கப்பட்டார்கள் என்று வாதிடுகிறது. அலெக்சாந்திரியாவில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட நூலாக அது கருதப்படுகிறது. அங்கே யூதர்கள் சிறுபான்மையினர். சிறுபான்மையாக இருப்பவன் தன் நம்பிக்கையைக் காக்கச் சொல்லும் சொல் வேறு. அதே சொல்லைப் பலம் உள்ளவன் அண்டை வீட்டுக்காரனைப் பார்த்துச் சொல்வது வேறு.

தமிழ் மண்ணிலும் இப்படி ஒரு கதை

அற்புதத்தை வைத்துச் சமயப் போட்டி நடந்த கதை நமக்குப் புதிதல்ல. ஏழாம் நூற்றாண்டில் மதுரையில் திருஞானசம்பந்தர் சமணர்களோடு வாதிட்டதைப் பெரியபுராணம் விரிவாகச் சொல்கிறது. பாண்டியனுக்கு வெப்பு நோய். சமணர்களால் தணிக்க முடியவில்லை, சம்பந்தரின் திருநீறு தணித்தது. அடுத்து அனல் வாதம்: நெருப்பில் இட்ட பதிக ஏடு கருகவில்லை. பிறகு புனல் வாதம்: வைகையில் விட்ட ஏடு நீரோட்டத்தை எதிர்த்துச் சென்று, சோழவந்தான் அருகே இன்றைய திருவேடகத்தில் நின்றது. தோற்ற சமணர்கள் கழுவேறினார்கள் என்பது மரபு. அப்படி நடந்ததா என்பதில் வரலாற்று ஆய்வாளர்களுக்குப் பலத்த ஐயம் உண்டு.

மோசே கதையின் அமைப்பு இங்கேயும் தெரிகிறது. அரசவை, எதிரணியின் முயற்சி, அதன் தோல்வி, பெருகும் சோதனை. இன்னொன்றும் ஒத்துப்போகிறது. சேக்கிழார் பெரியபுராணத்தை எழுதியது 12-ஆம் நூற்றாண்டில், அதாவது சம்பந்தருக்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் கழித்து. சைவர்கள் இந்தக் கதையைப் பக்தியோடு போற்றுகிறார்கள். அதற்காக யாரும் சமணர் தந்த சீவக சிந்தாமணியையோ நாலடியாரையோ தூக்கி எறிந்துவிடவில்லை. தமிழ் இலக்கணம் படிக்கும் மாணவர், பவணந்தி முனிவரின் நன்னூலைத் தொடாமல் போக முடியாது. அவரும் சமணரே. போட்டியில் தோற்றதாகப் பாடப்பட்டவர்கள் நம் மொழிக்குக் கொடுத்ததை நாம் இன்றும் அனுபவிக்கிறோம்.

குர்ஆன் சொல்வது

ஃபிர்அவ்ன் கதை திருக்குர்ஆனில் பல இடங்களில் வருகிறது. மூசா நபிக்கு ஒன்பது தெளிவான அத்தாட்சிகள் கொடுக்கப்பட்டதாக 17-ஆம் அத்தியாயம் கூறுகிறது. வெள்ளம், வெட்டுக்கிளி, பேன், தவளை, இரத்தம் ஆகிய ஐந்தை 7-ஆம் அத்தியாயம் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அங்கே மந்திரவாதிகளின் முடிவு வேறு. தோற்றதும் அவர்கள் மூசாவின் இறைவனை ஏற்றுச் சிரம் பணிகிறார்கள், மன்னனின் மிரட்டலுக்கும் அஞ்சவில்லை. மேலும், தானே மிக உயர்ந்த இறைவன் என்று ஃபிர்அவ்ன் சொல்லிக்கொண்டதை 79-ஆம் அத்தியாயம் குற்றமாகக் காட்டுகிறது. மனிதன் தன்னையே கடவுளாக்கிக்கொண்டு மற்ற மனிதரை அடிமையாக்கியதே அங்கும் மையம். மலாய் மொழிப் பேச்சிலும் ஃபிராவுன் என்றால் கொடுங்கோலன்தான்.

தோட்டத்தில் வாழ்ந்தவர்களின் வாசிப்பு

இனி இந்தக் கதையை ஜொகூர் தமிழர் எப்படி வாசிக்கலாம் என்று பார்ப்போம். குளுவாங், சிகாமட், கூலாய், கோத்தா திங்கி என மாநிலமெங்கும் ரப்பர் தோட்டங்களில் உழைத்தவர்கள் நம் முன்னோர். மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் முடிவுக்கு வந்தது. கங்காணி வழியாக ஆள் சேர்ப்பது 1938 வரை தொடர்ந்தது. விடியற்காலை பெரட்டு, குறித்த அளவுக்குப் பால், குறைந்தால் கூலியில் பிடிப்பு என்ற வாழ்க்கையைத் தாத்தா பாட்டி வாயிலாகக் கேட்டவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். 1942, 1943-ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர்கள் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைச் சயாம்–பர்மா ரயில் பாதை வேலைக்குக் கொண்டு சென்றார்கள். திரும்பி வராதவர்கள் ஏராளம்.

வைக்கோலைக் கொடுக்காமல் செங்கல் எண்ணிக்கையைக் கேட்ட மன்னனை இந்த மக்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. சாமி கும்பிட மூன்று நாள் கேட்டவனைச் சோம்பேறி என்று ஏசிய குரலும் பழக்கமானதுதான். அந்தத் தோட்டங்களில் மாரியம்மன் கோயிலும் இருந்தது, சில இடங்களில் சிறு ஜெபக்கூடமும் இருந்தது. இரண்டுக்கும் போனவர்கள் ஒரே லயத்தில் குடியிருந்தார்கள், ஒரே கங்காணிக்குப் பதில் சொன்னார்கள். அவர்களை அழுத்தியது பக்கத்து வீட்டுச் சாமி அல்ல.

இன்றும் ஜொகூர் பாரு நகர மையத்தில் ஜாலான் உங்கு புவானில் ராஜமாரியம்மன் ஆலயம் இருக்கிறது. ஜாலான் துருஸில் பழைய சீனக் கோயிலும் சீக்கியரின் குருத்துவாராவும் இருக்கின்றன. சற்றுத் தள்ளி ஜாலான் கெரெஜாவில், தெருவுக்கே பெயர் தந்த கத்தோலிக்க தேவாலயம். எல்லாம் நடந்து போகும் தூரம். இந்தத் தூரத்துக்குள் வாழ்பவர்கள் பத்து வாதைகளின் பட்டியலைப் பயன்படுத்தும்போது கொஞ்சம் நிதானம் வேண்டும். எகிப்தியச் சமயத்தைப் புரிந்துகொள்ள அது உதவும். கதையின் கூர்மையைக் காட்டவும் உதவும். ஆனால், அடுத்தவர் கும்பிடும் சாமியை இளக்காரமாகப் பேச அதை எடுத்தால், கதையின் எதிரி யார் என்பதையே தவறவிட்டவர்களாவோம்.

வேதபாட வகுப்பு நடத்தும் ஆசிரியர்களுக்கு ஓர் எளிய யோசனை. பத்து வாதைகளுக்குப் போவதற்கு முன்னால், யாத்திராகமம் 5-ஆம் அதிகாரத்தைப் பிள்ளைகளோடு ஒருமுறை வாசியுங்கள். செங்கல், வைக்கோல், அன்றாட எண்ணிக்கை, அடி எல்லாம் அந்த ஒரு அதிகாரத்தில் இருக்கின்றன. வாசித்து முடித்ததும், வீட்டில் பெரியவர்கள் யாராவது தோட்டத்தில் வேலை செய்தார்களா என்று அவர்களிடம் கேளுங்கள். அதற்குப் பிறகு நதி ஏன் இரத்தமானது என்று பிள்ளைகளே சொல்வார்கள்.